மூடுவிழாவுக்குப் பிறகு

ஹெடிங்லி என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். போன கோடையில் லீட்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மைதானத்தை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வரலாம் என்று பேத்தியுடன் கிளம்பினேன். வழி தவறிக் கார்டிகன் சாலையில் ஒரு கோட்டையின் முன்னால் போய் நின்றோம். கோட்டை என்றதும் செஞ்சி அளவுக்கு நினைத்துக்கொள்ள வேண்டாம். உருண்டையாக இரண்டு கல் கொத்தளங்கள், நடுவில் ஒரு சுவர், கம்பிக் கதவு. சுற்றிலும் வீடுகள், வீட்டுக்கு வீடு குப்பைத்தொட்டி.

அது கரடிக் குழி. 1840-இல் அங்கே ஒரு பூங்காவைத் திறந்திருக்கிறார்கள். பாதி தாவரங்களுக்கு, பாதி விலங்குகளுக்கு. கொத்தளத்தின் உள்ளே படியேறிப் போய், குழிக்குள் இருக்கும் கரடியை மேலிருந்து பார்க்கலாம். இருபது ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1850-களின் முடிவுக்குள் எல்லாம் முடிந்து, நிலம் வீட்டுமனையாகிவிட்டது. மிஞ்சியது குழி மட்டும். இன்று அது அரசுப் பட்டியலில் இடம்பெற்ற பாதுகாக்கப்பட்ட கட்டடம்.

"கரடி எங்கே தாத்தா?" என்றாள் பேத்தி. ஆறு வயது. அவளை ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். என்னைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் பிரிட்டனில் மூடப்பட்ட சிறிய மிருகக்காட்சிசாலைகளைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். எந்த ஆண்டு திறந்தார்கள், யார் திறந்தார், எத்தனை ஏக்கர், நுழைவுக்கட்டணம் எவ்வளவு, இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் விவரமாகக் கிடைக்கிறது. அங்கே இருந்த உயிர்கள் எங்கே போயின என்பது மட்டும், எழுதியவருக்குக் காகிதம் தீர்ந்துவிட்டதுபோல, ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. 'விலங்குகள் பிற இடங்களுக்கு அனுப்பப்பட்டன.' இந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் லண்டனுக்குப் போவோம். ஸ்ட்ராண்ட் வீதியில் எக்ஸெட்டர் சேஞ்ச் என்ற கட்டடம். கீழே கடைகள், மாடியில் மிருகங்கள். யானையும் மாடியில்தான். அதன் பெயர் சூனி, இந்தியாவிலிருந்து போனது. ஆண்டுதோறும் ஒரு பருவத்தில் அது மூர்க்கமாக மாறுவதைப் பார்த்து அங்கிருந்தவர்கள் மிரண்டார்கள். ஆண் யானைக்கு மதம் பிடிக்கும் என்பது நம் ஊரில் தேர் பார்க்க வந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். போதாததற்குத் தந்தத்தில் வலி வேறு. 1826 மார்ச் 1-ஆம் தேதி, கூண்டை உடைத்துவிடும் என்று பயந்து, பக்கத்தில் சாமர்செட் மாளிகையில் காவலுக்கு நின்ற சிப்பாய்களைக் கூப்பிட்டார்கள். 152 துப்பாக்கிக் குண்டுகள் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தனைக்குப் பிறகும் உயிர் போகவில்லை, கடைசியில் வாளால் முடித்தார்கள். பிறகு உடலை அறுப்பதை வேடிக்கை பார்க்கவும் டிக்கெட். தோல் 50 பவுண்டுக்கும் எலும்புக்கூடு 100 பவுண்டுக்கும் விலைபோனது. யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். எலும்புக்கூடு அறுவை மருத்துவர்களின் அருங்காட்சியகத்தில் நின்றது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டு அதையும் விட்டுவைக்கவில்லை.

அது பழைய காலம், அப்போது மனிதனுக்கே மதிப்பில்லை என்பீர்கள். சரி, இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

கென்யாவில் ஒரு சிங்கம், தன்னை வளர்த்த இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்களை அடையாளம் கண்டு ஓடிவந்து தோளில் கால் போட்டுக் கட்டிக்கொள்ளும் காட்சியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. எனக்கே எத்தனையோ பேர் அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்டியன் என்ற அந்தச் சிங்கம் 1969 ஆகஸ்டில் பிறந்தது டெவன் கடற்கரையில், இல்ஃப்ரகோம்ப் என்ற ஊரில் இருந்த ஒரு சிறிய மிருகக்காட்சிசாலையில். அங்கிருந்து லண்டன் ஹாரட்ஸ் கடைக்கு விற்பனைக்கு வந்தது. ஆமாம், புடவைக்கடை போன்ற பெரிய கடை. அங்கே சிங்கக்குட்டியும் விற்றார்கள். விலை 250 கினி; கினி என்பது பவுண்டைவிடச் சற்றே கூடுதலான பழைய ஆங்கிலப் பணக்கணக்கு. அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆபத்தான காட்டு விலங்குகளை வைத்திருக்க உரிமம் வேண்டும் என்ற சட்டமே 1976-இல்தான் வந்தது. இல்ஃப்ரகோம்ப் காட்சிசாலை பிறகு இல்லாமல் போனது. பிள்ளைக்காக உலகமே கண்ணீர் விட்டது. அவனைப் பெற்றவளைப் பற்றி நான் பார்த்த எந்தப் பகிர்விலும் ஒரு சொல் இல்லை.

மிருகக்காட்சிசாலை நடத்துவதற்கு உரிமம் வேண்டும் என்பதற்கு இன்னும் தாமதம். 1981-இல் சட்டம், 1984-இல் அமல். அதுவரை பணமும் ஆசையும் கொஞ்சம் நிலமும் இருந்தால் போதும். சொந்த ஆசைக்காகத் திறந்தவர்கள் ஏராளம். மெய்ட்ஸ்டன் நகரத்துக்குப் பன்னிரண்டு முறை மேயராக இருந்த சர் கரார்ட் டிர்விட் டிரேக் தன் பண்ணையிலேயே 1934 முதல் 1959 வரை நடத்தினார். அவருடைய யானைக் கொட்டகை இன்றும் கோப்ட்ரீ பூங்காவில் நிற்கிறது, யானைதான் இல்லை. பெய்ன்டனில் ஹெர்பர்ட் விட்லி என்று ஒரு மனிதர், 1923-இல் திறந்தார். அரசு கேளிக்கை வரி கேட்டது. இது கேளிக்கை அல்ல, கல்வி என்று வாதாடி, வரி கட்ட மறுத்து, மறு ஆண்டே கதவைச் சாத்திவிட்டார்! மூன்று ஆண்டு கழித்துத் திறந்தார். அது இன்றும் இருக்கிறது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கிட்லிங்டனில் 1931-இல் ஒன்று திறந்து 1937-இல் மூடினார்கள். மூடிய ஆண்டிலேயே மூன்று ஓநாய்கள் தப்பி ஊரையே கலக்கின. மிஞ்சிய விலங்குகள் புதிதாகத் திறந்த டட்லி காட்சிசாலைக்குப் போயின. கிட்லிங்டன் இடத்தில் இப்போது காவல்துறைத் தலைமையகம். சிரிப்பை அடக்க முடியவில்லை.

சவுத்தாம்ப்டன், பிளிமத், கவென்ட்ரி மூன்றிலும் சிப்பர்ஃபீல்டு சர்க்கஸ் குடும்பத்தார் நடத்தியவை 1985-க்குள் ஒவ்வொன்றாகப் போயின. கிளாஸ்கோ 1947-இல் வந்து 2003-இல் போனது. வின்ட்சர் சஃபாரி பூங்கா 1992-இல் மூடி, நான்கு ஆண்டில் லெகோலேண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா ஆனது. உயிருள்ள சிங்கத்துக்குப் பதில் பிளாஸ்டிக் கட்டைகள்.

மான்செஸ்டரின் பெல் வியூ காட்சிசாலை சிறியதல்ல. அதை இங்கே சேர்ப்பது கொஞ்சம் கள்ளாட்டம்தான். ஆனாலும் விட மனமில்லை. 1836-இல் ஜான் ஜென்னிசன் தொடங்கியது. அந்தக் குடும்பம் 1872-இல் எடின்பரோவில், வோம்வெல் கம்பெனியின் ஊர் ஊராகச் சுற்றும் மிருகக் கூட்டத்தை ஏலம் விட்டபோது 680 பவுண்டுக்கு மகாராஜா என்ற யானையை எடுத்தது. கவனியுங்கள், அதுவும் ஒரு மூடுவிழாவின் ஏலம்தான். ரயில் பெட்டியில் ஏற்றினார்கள், அது கூரையைப் பிய்த்துவிட்டது என்று கதை. பாகன் லொரென்சோ லாரன்ஸ் பத்து நாள் நடத்தியே மான்செஸ்டருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வழியில் சுங்கச்சாவடிக்காரர் யானைக்கு எவ்வளவு கட்டணம் என்று பாகனோடு வாதாடிக்கொண்டிருக்க, மகாராஜா கதவையே கழற்றிவிட்டதாக ஓவியம்கூட வரைந்திருக்கிறார்கள். பத்து ஆண்டில் அது இறந்தது. எலும்புக்கூடு மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சூனிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

அதே பெல் வியூவை 1977-இல் மூடினார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டு நஷ்டம் என்றார்கள். ஆகஸ்டில் பராமரிப்பாளர்களுக்குச் செய்தி. செப்டம்பர் 11-இல் கதவு அடைப்பு. நமக்கு வீட்டைக் காலி செய்யச் சொன்னாலே மூன்று மாதம் கேட்போம். ஒவ்வொரு விலங்காகப் போனது. கடைசியில் எல்லி மே என்ற யானை மட்டும் மிஞ்சியது. அடங்காதது என்று கெட்ட பெயர். யாரும் வாங்க முன்வரவில்லை. ஒருவழியாக ஹாலந்தில் ராட்டர்டாம் காட்சிசாலை ஒப்புக்கொண்டது. அதற்குள் அதற்கு நிமோனியா. நகர மறுத்தது, தீனியை நிறுத்தியது, அந்தக் காலி வளாகத்திலேயே அதன் கதை முடிந்தது.

மிருகக்காட்சிசாலைகளே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. திறந்தவர்களில் பலர் நல்லவர்கள். விலங்குகள்மேல் உண்மையான பாசம் உள்ளவர்கள். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம் ஊரில் கேட்பார்கள். நான் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கிறேன்: நீங்கள் போன பிறகு போடப்போவது யார்? மனிதரின் ஆசைக்கு ஆயுள் பத்து, இருபது ஆண்டு. யானை அறுபது ஆண்டு இருக்கும். ஆமையைக் கேட்கவே வேண்டாம். திறப்புவிழாவுக்குக் காசு சேர்த்தவர் மூடுவிழாவுக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்தாரா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும், காட்சிசாலை மூடினால் விலங்குகளின் கதிக்கு ஒரு திட்டம் வேண்டும், உள்ளூராட்சி அதைக் கவனிக்க வேண்டும் என்று சட்டத்தில் தனிப்பிரிவு ஏறியது 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அதுவும் ஐரோப்பிய ஆணைக்குக் கட்டுப்பட்டு. எல்லி மே இறந்து கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. கம்ப்ரியாவில் டால்டன் ஊரிலிருந்த சவுத் லேக்ஸ் காட்சிசாலையில் 2013 ஜனவரிக்கும் 2016 செப்டம்பருக்கும் இடையில் 486 விலங்குகள் இறந்தன. நிறுவனருக்கு 2017-இல் உரிமம் மறுத்தார்கள், வேறு நிறுவனம் எடுத்து நடத்தியது, 2024 டிசம்பரில் அதுவும் மூடியது. இன்னொரு பக்கம் பிரிஸ்டல். 12 ஏக்கர், 1836-இல் திறந்தது, 2022 செப்டம்பர் 3-இல் மூடியது. நிலத்தில் 196 வீடுகள் கட்டத் திட்டம். ஆனால் கொரில்லாக்களை அவசரமாக எங்கும் அள்ளிக்கொண்டு போகவில்லை. ஊருக்கு வெளியே புது இருப்பிடம் தயாராகும்வரை, பார்வையாளர் வராத அந்தப் பழைய வளாகத்தில் இரண்டு ஆண்டுக்கும் மேலாகப் பராமரிப்பாளர்கள் வந்து தீனி போட்டார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று வதந்திகூடக் கிளம்பியது. என்னைக் கேட்டால், இத்தனை மூடுவிழாக்களில் ஓரளவு மரியாதையாக நடந்தது அதுதான்.

மகள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆங்கிலேயப் பாட்டி இருக்கிறார்; மான்செஸ்டரில் பிறந்தவர். சென்ற மாதம் தொலைபேசியில் மகளோடு பேசும்போது அவரும் பக்கத்தில் இருந்தார். பெல் வியூ என்றதும் உற்சாகமாகிவிட்டார். பொரித்த உருளைக்கிழங்கு வாசனை, வாண வேடிக்கை, அப்பாவின் தோளில் உட்கார்ந்து யானை பார்த்தது என்று அடுக்கிக்கொண்டே போனார். மூடிய செய்தி வந்தபோது அழுததாகவும் சொன்னார். கடைசி யானையின் பெயர் எல்லி மே என்றேன். "ஆமாம், எல்லி மே! அதை ஹாலந்துக்கு அனுப்பிவிட்டார்கள் அல்லவா?" என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தில் பேச்சே இல்லை. பிறகு மகள்தான் பேசினாள்: "அப்பா, அவர் கிளம்பிவிட்டார்."