இலை கட்டி ஆடினால்தான் இருளரா?

ஞாயிற்றுக்கிழமை விழாப் படங்களை ஆளாளுக்குப் பகிர்ந்துவிட்டீர்கள். மேடைக்குப் பக்கத்தில் நானும்தான் நின்றேன். மூன்று நாளாக மனசு ஆறவில்லை.

எங்கள் மாலை வகுப்பில் படிக்கும் இருளர் பழங்குடிப் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் கொடுக்கச் சிலர் வந்தார்கள். சந்தோஷம். ஆனால் பிள்ளைகள் இடுப்பில் வேப்பிலை கட்டி, முகத்தில் கரி பூசி, 'பழங்குடி நடனம்' ஆட வைத்தது எதற்கு? ஏழாவது படிக்கிற பொண்ணு, சொம்பில் கங்கு போட்டுத் தேய்த்த யூனிபார்மில் வந்திருந்தாள். அதற்கு மேலேயே இலையைச் சுற்றினார்கள். பாவாடை மடிப்பு கலையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஆடினாள்.

இருளர் பண்பாட்டைப் பார்க்கணுமா? மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு வாருங்கள். சேலையை மறைப்பாகக் கட்டித் தங்கி, மணலில் ஏழு படி வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். விடியற்காலையில் அங்கேயே கல்யாணமும் நடக்கும். யாரும் கரி பூசிக்கொள்வதில்லை. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷத்தில்தான் நம் நாட்டில் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்தச் சங்கத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். அதை அந்தப் பிள்ளைகள் மேடையில் பேசியிருக்கலாமே!

"உதவ வர்றவங்களையும் விரட்டிடாதீங்க" என்று இன்பாக்ஸில் அறிவுரை. நோட்டு தேவைதான், மறுக்கவில்லை. அதற்காகப் பிள்ளையை வேஷம் கட்டவைப்பீர்களா? "சிரிச்சுக்கிட்டுத்தானே ஆடினாங்க" என்கிறார் ஒருவர். எதிரில் நாற்பது பெரியவர்கள் போனைத் தூக்கிப் பிடித்து நின்றால் பத்து வயசுப் பிள்ளை வேறு என்னங்க செய்யும்?

தை பிறந்தால் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். பிள்ளைகளும் கூடவே போகும். திரும்பி வரும்போது பரீட்சையே முடிந்திருக்கும். பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை நடை! இலை கட்டி ஆடினால் உடனே இருளர் என்று நம்புகிறீர்கள். சான்றிதழ் கேட்டால் மட்டும் "நீ இருளர்தான்னு என்ன ஆதாரம்?"

எனக்கு என் மேலும் கோபம். இலையைக் கட்டும்போதே தடுத்திருக்கணும். பை கிடைக்காமல் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நேற்று அந்தப் பொண்ணோட அம்மா வகுப்புக்கு வந்தாங்க. ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், அன்னிக்கு வந்த பெரியவர்கிட்ட பாப்பா சர்டிபிகேட் பத்திச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாங்க.

நான் சொல்லவில்லை.