ஹாம்லெட்டுக்கு முன்பே
நாடகம் தன்னைப் பற்றியே பேசத் தொடங்கியது ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில்தான் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அதற்கு ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் 'பாக்கே' நாடகத்தில் அதைச் செய்துவிட்டார். தீப்ஸ் மன்னன் பென்தியஸுக்குப் பெண் வேடம் கட்டிவிடுவது டயோனிசஸ் என்ற தெய்வம். ஏதென்ஸ் நாடக விழாவே அந்தத் தெய்வத்துக்குத்தான்! மன்னனின் கலைந்த சுருள்முடியை டயோனிசஸ் சரிசெய்து, இடுப்புக் கச்சை தளர்ந்திருக்கிறது என்கிறார். மன்னனோ வலது காலருகே மடிப்பு கோணலாக இருக்கிறதே என்று பார்க்கிறான். அப்படியே ஒப்பனை அறைக் காட்சி. அப்புறம் பெற்ற தாயே அவனைக் கிழித்துக் கொன்று, தலையோடு மேடைக்கு வருகிறாள். அந்தத் தலையாகக் காட்டப்பட்டது பென்தியஸாக நடித்தவர் அணிந்திருந்த முகமூடிதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்து ஒன்றில் ஒரு நண்பர் இன்னொரு கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸைக் குறிப்பிட்டிருப்பதும் சரிதான்: அநியாயத்துக்கு மதிப்பு கிடைக்குமென்றால் நான் ஏன் ஆட வேண்டும் என்று அவருடைய 'ஈடிபஸ்' நாடகத்தின் கோரஸ் (பாடி ஆடும் குழு) கேட்கிறது, அதுவும் ஆடிக்கொண்டே.