வெண்ணிலாவுக்கு வந்த நோய்கள்

அத்தை: இந்த வெண்ணிலாவை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கமே வருவதில்லை, கவிதா. இரண்டு மாதத்துக்கு முன்பு முகத்தில் எண்ணெய் வழிந்து பரு வந்தது, சென்ற மாதம் தோல் வறண்டு வெடித்தது, இந்த மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்கிறாள். ஒரே உடம்பில் இவ்வளவும் வரிசை கட்டிக்கொண்டு வருமா?

கவிதா: எந்த வெண்ணிலா, அத்தை?

அத்தை: அழகுக் குறிப்புக் குழுவில் இருக்கிறாளே, அவள்தான். யார் எந்தக் குறையைச் சொன்னாலும், "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று முதல் ஆளாக வந்து நிற்பாள். நேற்று ஒருத்தி, பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் கோடுகள் விழுந்திருக்கின்றன என்று எழுதினாள். வெண்ணிலா தனக்கும் விழுந்திருக்கின்றன என்றாள். இன்னொருத்தி, பரு குறையாததால் பெண் பார்க்க வருபவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று அழுதாள். தனக்கும் இன்னும் திருமணம் கூடி வரவில்லை என்றாள். குழந்தையும் பெற்றுத் திருமணமும் ஆகாமல் அந்தப் பெண் எவ்வளவு தவிக்கிறாளோ! இத்தனைக்கும் வயது 20தான்.

கவிதா: அவளுக்கு 20 வயது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?

அத்தை: ஒவ்வொரு பதிவின் முடிவிலும் "வெண்ணிலா20" என்று பெயரையும் வயதையும் சேர்த்து அவளே கையெழுத்துப் போடுகிறாளே.

கவிதா: அத்தை, அது வயதன்று, தள்ளுபடிக் குறியீடு. பணம் கட்டும்போது அதைத் தட்டச்சு செய்தால் விலையில் 20 விழுக்காடு குறையும். யார் சொல்லி நீங்கள் வாங்கினீர்கள் என்பது நிறுவனத்துக்கும் தெரிந்துவிடும். சொன்னவருக்கு ஒரு பங்கு கமிஷனாகப் போகும்.

அத்தை: அதெப்படி? சென்ற மாதம் "வெண்ணிலா15" என்று போட்டிருந்தாளே. தான் சொல்லும் க்ரீமைப் பூசினால் பத்து வயது குறையும் என்று எழுதியவளுக்கு ஒரே மாதத்தில் ஐந்து வயது கூடியதைப் பார்த்துத்தான், அந்த க்ரீமின் மேல் எனக்கு முதல் சந்தேகமே வந்தது.

கவிதா: சென்ற மாதம் நிறுவனத்தில் 15 விழுக்காடுதான் கொடுத்தார்கள். நான்தான் கேட்டுக் கேட்டு 20 ஆக்கினேன்.

அத்தை: நீ ஏன் கேட்டாய்?

கவிதா: (சற்று நேரம் கைப்பேசியைப் பார்த்துவிட்டு) அந்த வெண்ணிலா நான்தான், அத்தை.

அத்தை: அடிப்பாவி! இவ்வளவு நோயையும் உடம்பில் வைத்துக்கொண்டா என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாய்? உன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அந்தப் பிரசவம் எப்போது நடந்தது? என் தம்பிக்குத் தெரியுமா?

கவிதா: அத்தை, எனக்குப் பிரசவம் நடக்கவில்லை.

அத்தை: மறைக்காதே. வயிற்றில் கோடு விழுந்தது என்று உன் கையால் எழுதியிருக்கிறாய்.

கவிதா: கோடும் விழவில்லை, முடியும் கொட்டவில்லை. என் வேலையே அதுதான். எங்கள் ஏஜென்சியில் ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர்கள் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வெண்ணிலா, மழைத்துளி, செல்வி என்று மூன்று கணக்குகள் இருக்கின்றன. மழைத்துளி வந்து, "தோழிகளே, என் முகம் களையிழந்துவிட்டது, என்ன செய்யலாம்?" என்று கேட்பாள். வெண்ணிலா தன் சொந்த அனுபவத்தைச் சொல்லி க்ரீமின் பெயரையும் இணைப்பையும் கொடுப்பாள். செல்வி, "இதையெல்லாம் நான் நம்ப மாட்டேன்" என்று சண்டைக்கு வந்து, பத்து நாள் கழித்து, "என்னை மன்னித்துவிடு வெண்ணிலா, கண்ணாடியைப் பார்த்து அழுதுவிட்டேன்" என்று எழுதுவாள்.

அத்தை: அந்த மன்னிப்பைப் படித்து நானும் அழுதேன்.

கவிதா: அது எங்கள் பயிற்சி வகுப்பில் மாதிரியாகவே காட்டப்பட்டது, அத்தை.

(தன் திறமையைப் பற்றிப் பேசும்போது கவிதாவின் குரலில் ஏறிய பெருமிதத்தை மறைக்க முடியவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் நல்ல கதை எழுத்தாளர்கள் என்பதே இதில் உள்ள பெரிய வருத்தம்.)

அத்தை: இருக்கட்டும். ஆனால் வெண்ணிலா வெறும் புகழ்ச்சியாக எழுதவில்லையே. "க்ரீம் அருமை, ஆனால் மூடி இறுக்கமாக இருக்கிறது, திறப்பதற்குள் கை வலித்துவிட்டது" என்று குறையும் சொல்லியிருந்தாள். குறை சொல்கிறவள் பொய் சொல்ல மாட்டாள் என்று நம்பித்தான் நான் வாங்கினேன்.

கவிதா: அந்தக் குறையும் நிறுவனத்தின் ஒப்புதலோடு வந்ததுதான். வெறும் பாராட்டாக இருந்தால் படிப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்; ஆகவே விற்பனையைப் பாதிக்காத குறை ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். மூடி, மணம், பெட்டியின் நிறம் என்று ஒரு பட்டியலே அனுப்பியிருக்கிறார்கள்.

அத்தை: மூடி உண்மையில் இறுக்கமா?

கவிதா: தெரியாது, அத்தை. அந்தக் குப்பியை நான் பார்த்ததே இல்லை.

அத்தை: நான் பார்த்தேன். தொட்டவுடன் திறந்தது. அந்த க்ரீமில் குறை சொல்ல முடியாத பாகம் அது ஒன்றுதான்.

கவிதா: ஏன், ஒத்துக்கொள்ளவில்லையா?

அத்தை: இரண்டு கன்னங்களும் சிவந்து, அரிப்பெடுத்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. யாருக்கும் தொல்லை கொடுக்காமல், "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாங்குபவர்கள் முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசிச் சோதித்துப் பாருங்கள்" என்று அடக்கமாக இரண்டு வரிதான் எழுதினேன். உடனே வெண்ணிலா வந்து, "பயப்படாதீர்கள் அக்கா, தோலுக்குள் இருக்கும் நச்சு வெளியேறுகிறது, நிறுத்தாமல் பூசுங்கள்" என்றாள். அவள் அக்கா என்று கூப்பிட்டதற்காகவே இன்னும் நான்கு நாள் பூசினேன்.

கவிதா: பருவுக்குப் பூசும் ரெட்டினாய்டு மாதிரியான பொருள்களைப் புதிதாகப் பூசத் தொடங்கும்போது சிலருக்குக் கொஞ்ச நாள் பரு அதிகமாவது உண்டு, அத்தை. அதை வைத்துத்தான் அந்தப் பதிலைத் தயாரித்திருக்கிறார்கள்.

அத்தை: எனக்குப் பரு வரவில்லை, எரிச்சல் வந்தது. தோல் மருத்துவரிடம் போய், நச்சு வெளியேறுகிறது என்றேன். "அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, கன்னத்தை யார் நியமித்தார்கள்?" என்று கேட்டார். இது ஒவ்வாமை, இன்றே நிறுத்துங்கள் என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், நான் எழுதிய இரண்டு வரிகளையும் காணோம்.

கவிதா: (மெதுவாக) உங்கள் கணக்கின் பெயர் என்ன, அத்தை?

அத்தை: "அமைதி விரும்பி".

கவிதா: ஐயோ.

அத்தை: என்ன ஐயோ?

கவிதா: "போட்டி நிறுவனத்தின் கைக்கூலி" என்று அந்தப் பெயரைத்தான் குறித்துக் கொடுத்தார்கள். மூன்று கணக்கிலிருந்தும் நான்தான் உங்கள் கருத்துக்கு எதிர்ப்புப் பொத்தானை அழுத்தினேன். அலுவலகத்தில் மற்றவர்களும் அழுத்தினார்கள். எதிர்ப்பு ஓர் அளவைத் தாண்டினால் கருத்து தானாகக் கீழே போய் மறைந்துவிடும்.

அத்தை: கைக்கூலியா? க்ரீமுக்கும் மருத்துவருக்கும் நானல்லவா கூலி கொடுத்தேன்?

கவிதா: இது நாங்கள் கண்டுபிடித்த வழியில்லை, அத்தை. அமெரிக்காவில் சண்டே ரைலி என்று சருமப் பொருள்கள் செய்யும் நிறுவனம் இருக்கிறது. செபோரா என்ற விற்பனைத் தளத்தில் தன் பொருள்களுக்குத் தன் ஊழியர்களையே மதிப்புரை எழுத வைத்தது. ஆளுக்கு மூன்று கணக்கு தொடங்க வேண்டும், எங்கிருந்து எழுதுகிறோம் என்பது தெரியாமல் விபிஎன் பயன்படுத்த வேண்டும், எப்போதும் ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும், பாதகமான மதிப்புரையைக் கண்டால் அது நீக்கப்படும்வரை எதிர்ப்பை அழுத்த வேண்டும் என்று 2016-இல் நிறுவனத் தலைவரே ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பிறகு அந்த மின்னஞ்சல் இணையத்தில் வெளியாகி, 2019-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது.

அத்தை: எவ்வளவு அபராதம் போட்டார்கள்?

கவிதா: அபராதம் எதுவும் இல்லை. இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று உடன்படிக்கை போட்டார்கள். அந்த ஆணையத்திலேயே இரண்டு பேர் இது போதாது என்று மறுப்பு எழுதினார்கள்.

அத்தை: இனிமேல் செய்யாதே என்பதை நான் உனக்கு இங்கேயே சொல்லிவிடுவேனே, அதற்கு ஓர் ஆணையம் எதற்கு?

கவிதா: அதன் பிறகு கடுமையாக்கிவிட்டார்கள். போலி மதிப்புரைகளுக்கு எதிரான தனி விதி 2024 அக்டோபரிலிருந்து அங்கே நடைமுறையில் இருக்கிறது. தெரிந்தே மீறினால் அபராதம் உண்டு.

அத்தை: சருமத்தோடு விட்டார்களா, துணிமணியிலும் உன் மழைத்துளி விழுகிறாளா?

கவிதா: துணியில் வேலை இன்னும் எளிது. ஒருத்தி படம் மட்டும் போடுவாள். உடையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அரை நிமிடத்தில் மழைத்துளி வந்து, "சும்மா சொல்லக்கூடாது, கண்ணைப் பறிக்கிறது, எங்கே வாங்கினீர்கள்?" என்பாள். கேட்டதால்தானே சொன்னாள் என்று ஆகிவிடும்.

அத்தை: அந்த அரை நிமிடக்காரியை நான் கவனித்திருக்கிறேன். படம் முழுதாகத் திறப்பதற்கு முன்பே அவளுக்குக் கண் பறிபோய்விடும்.

கவிதா: பெரிய நிறுவனங்களும் செய்திருக்கின்றன, அத்தை. லார்ட் அண்ட் டெய்லர் என்ற அமெரிக்கப் பல்பொருள் அங்காடி 2015-இல், ஃபேஷன் பற்றி எழுதும் 50 பேருக்கு ஒரே உடையை இலவசமாகக் கொடுத்து, ஆளுக்கு 1,000 முதல் 4,000 டாலர் வரை பணமும் கொடுத்து, ஒரே வார இறுதியில் இன்ஸ்டாகிராமில் படம் போட வைத்தது. காசு வாங்கியதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவரிடமும் அது கேட்கவில்லை. உடை முழுவதும் விற்றுத் தீர்ந்தது.

அத்தை: 50 பேர் ஒரே நாளில் ஒரே உடையில் வந்தால் அதற்குப் பெயர் சீருடை. அதைப் பார்த்துமா ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை?

கவிதா: ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி அணிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் தனித்தனி ரசனையாகத் தெரிந்தது. 2016-இல் அதே ஆணையம் பிடித்தது. ஆனால் நாங்கள் அந்த அளவுக்கு மோசமில்லை. வெண்ணிலாவின் பதிவில் முறைப்படி அறிவிப்பு இருக்கிறது.

அத்தை: எங்கே இருக்கிறது? கண்ணாடி போட்டுக்கொண்டே படித்தேனே.

கவிதா: "மேலும்" என்பதை அழுத்த வேண்டும். பிறகு ஹேஷ்டேக்குகள் வரும். அழகு, ஒளிர்வு, இளமை, தோழிகள், திங்கட்கிழமை, நன்றி, தன்னம்பிக்கை, அதற்கு அடுத்தது "கொலாப்".

அத்தை: திங்கட்கிழமை வரைக்கும் வந்தேன், அதற்குமேல் பொறுமை இல்லை. கொலாப் என்றால் என்ன? அதுவும் ஒரு தோல் வியாதியா?

கவிதா: நிறுவனத்தோடு கூட்டு என்று பொருள். அது போதாது என்று அமெரிக்க ஆணையமும் சொல்லியிருக்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும், அறிவிப்பை ஹேஷ்டேக் கூட்டத்தில் கலக்கக் கூடாது, பதிவு எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்கிறது. காசாக வாங்காமல் பொருளை இலவசமாக வாங்கியிருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

அத்தை: சட்டம் உனக்கு மனப்பாடமாகத் தெரிகிறதே.

கவிதா: எங்கே ஒளித்து வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகப் படித்தது, அத்தை.

அத்தை: "விளம்பரம்" என்று முதல் சொல்லாகப் போட்டுவிட்டு, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதினால் என்ன?

கவிதா: அப்படிப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அத்தை: அதாவது, அந்தச் சொல்லை விலக்கித்தான் உன் ஏஜென்சி சம்பாதிக்கிறது. இதோ பார் கவிதா, சாலையில் நிற்கும் விளம்பரப் பலகையின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அது பல் தெரியச் சிரிக்கும், நான் பார்த்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் எந்தப் பலகையும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தனக்கும் திருமணம் ஆகவில்லை என்று அழுததில்லை. பருவுக்காக எழுதினாளே ஒரு பெண், அவள் உன் மழைத்துளி இல்லையே? உண்மையான பெண்தானே?

கவிதா: உண்மையான பெண்தான். தனிச் செய்தியிலும் வந்து வெண்ணிலாவிடம் நிறையப் பேசினாள். வீட்டில் நடப்பதை எல்லாம் சொன்னாள்.

அத்தை: நீ என்ன சொன்னாய்?

கவிதா: இரண்டு குப்பி வாங்கினால் அனுப்பும் கட்டணம் இல்லை என்று சொன்னேன்.

(கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அத்தை முதலில் பேசியதற்குக் காரணம், அவருக்குக் கன்னம் மறுபடியும் அரித்ததுதான்.)

அத்தை: அவள் வாங்கிவிட்டாளா?

கவிதா: இன்னும் இல்லை. குழுவில் வேறு யாருடைய கருத்தாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

அத்தை: அப்படியானால் என்னுடைய இரண்டு வரிகளை மேலே கொண்டு வா.

கவிதா: அதற்குப் பலர் ஆதரவு அழுத்த வேண்டும், அத்தை.

அத்தை: பலர்தான் உன் கையில் இருக்கிறார்களே. மழைத்துளியைக் கூப்பிடு, செல்வியைக் கூப்பிடு. செல்விக்கு மன்னிப்புக் கேட்டு நல்ல பழக்கம் உண்டு.

கவிதா: வெண்ணிலாவே உங்களை எதிர்த்து எழுதியிருக்கிறாள். அவளே வந்து ஆதரித்தால் நன்றாக இருக்காதே?

அத்தை: நச்சு வெளியேறிவிட்டது என்று எழுது.

கவிதா: அந்தப் பெண்ணுக்கு?

அத்தை: தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல். இணைப்பு எதுவும் கொடுக்காதே.

கவிதா: குறியீடு இல்லாத பதிவைப் பார்த்தால் என் மேலாளர் கூப்பிட்டுக் கேட்பாரே, அத்தை. எதை வைத்து இப்படி எழுதினாய் என்றால் நான் என்ன பதில் சொல்வது?

அத்தை: சொந்த அனுபவம் என்று சொல்.