நாயின் காதுத் தொற்றுக்குத் தேனீ விஷம் மருந்தா?

"தேனீ விஷத்தை ரெண்டு சொட்டு விட்டால் நாயின் காதுச் சீழ் போய்விடும், ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பாதீர்கள்.

இதில் ஒரு துளி உண்மை உண்டு. தேனீ விஷத்தின் முக்கியப் பொருளான மெலிட்டின், ஆய்வகத் தட்டில் பல பாக்டீரியாக்களின் சவ்வைக் கிழித்துக் கொல்கிறது. ஆனால் அதே மெலிட்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் கிழிக்கும். கிருமி எது, நாயின் செல் எது என்று அது பார்ப்பதில்லை. ஏற்கெனவே வீங்கிச் சிவந்து புண்ணாகிக் கிடக்கும் காதுக்குள் அதை விட்டால் என்ன ஆகும்? வலி கூடும். செவிப்பறை ஓட்டையாகி இருந்தால் மருந்து உள்காதுவரை போகலாம்; அப்புறம் கேட்கும் திறனுக்கே ஆபத்து. சில நாய்களுக்குத் தேனீ விஷம் கடும் ஒவ்வாமையையும் தரும்: திடீர் வாந்தி, பேதி, ஈறு வெளுத்துப்போதல், மயங்கி விழுதல். அந்த நிலையில் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

சரி, காது ஏன் திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கிறது? பெரும்பாலும் அடியில் இருப்பது தோல் ஒவ்வாமை. காதுப் பூச்சி, உள்ளே சிக்கிய புல் முள், தேங்கிய ஈரம் இவையும் காரணமாகலாம். கிருமியும் எப்போதும் பாக்டீரியா அல்ல. மலாசீசியா என்ற ஈஸ்ட்டும் அடிக்கடி இருக்கும். கால்நடை மருத்துவர் செவிப்பறையைக் கருவியால் பார்த்து, பஞ்சில் எடுத்த அழுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்தான் எந்த மருந்து என்று முடிவாகும். தலையைச் சாய்த்தே வைத்திருந்தாலோ, நடை தள்ளாடினாலோ அன்றைக்கே கூட்டிப்போங்கள்.