விருப்பப் பட்டியலின் வரிசைதான் முக்கியம்

நியூயார்க்கின் ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயின்ஸ் அரசுப் பள்ளிகளில் சேர SHSAT என்ற நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் இருந்தால் போதும் என்கிறது உங்கள் கட்டுரை. மாணவர் தாம் விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதித் தரும் பட்டியலை விட்டுவிட்டீர்களே! மதிப்பெண் அதிகமானவரில் தொடங்கி, ஒவ்வொருவர் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியிடம் உள்ள முதல் பள்ளியைத் தருவார்கள். பிராங்ஸ் சயின்ஸை முதலில் எழுதி அது கிடைத்துவிட்டால், ஸ்டைவசன்ட்டுக்கும் எட்டும் மதிப்பெண் இருந்தாலும் அது கிடைக்காது. ஸ்டைவசன்ட்டை முதலில் போட்டால் பிராங்ஸ் வாய்ப்பு குறையும் என்பது வீண் பயம். உண்மையாகவே விரும்பும் வரிசையில் எழுதுங்கள்.

2024-இல் நடந்த தேர்வில் 114 கேள்விகள், 180 நிமிடம். கணிதம் 57, அதில் ஐந்துக்கு விடையை நாமே எழுத வேண்டியிருந்தது. கால்குலேட்டர் கிடையாது, சூத்திரத் தாளும் தரமாட்டார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எனவே எதையும் காலியாக விடாதீர்கள்.