மட்டக்களப்புக்கு இரண்டே காலமாம்

ஞாயிறு இரவு எங்கள் பழைய பள்ளி வகுப்புக்காரர் நாடு நாடாக இருந்துகொண்டு காணொளியில் கூடியபோது நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் அதில் நான் வாய் திறந்த காணொளித் துண்டை மட்டும் வெட்டி, சிரிப்புப் பொம்மைகள் போட்டு, குழுவுக்குக் குழு அனுப்பி, கடைசியில் என் மருமகனே "மாமி, இது நீங்கதானே?" என்று கேட்டு எனக்கே அனுப்பிவைத்துவிட்டான். ஓம் மனே, நான்தான். வாயைத் திறந்து அரை வசனம் சொன்னவுடன் வெட்டுப்பட்ட அந்த மனிசி நான்தான்.

துண்டில் வராதது என்னவென்று சொல்லுகிறேன். அதற்கு முதல் முக்கால் மணித்தியாலம் நாங்கள் உலகம் முழுக்கச் சுற்றி வந்தோம். ரொறன்ரோக்காரர் இலை பார்க்க அல்கொன்குவின் காட்டுக்குப் போன கதை. போகிற வழியில் வாகன நெரிசலிலேயே பாதி நாள் போன கதை. ஒஸ்லோவில் பொழுது ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் குறுகிக்கொண்டு போகிற கதை. லண்டனில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புகிற கதை, அதை மறந்துபோய் ஒரு மணித்தியாலம் முந்தி வேலைக்குப் போன கதை. மெல்பேர்ண்காரர் "எங்களுக்கு இப்ப வசந்தம், இலை உதிர்வது மார்ச்சிலிருந்து மே வரைக்கும்" என்று சொன்னதும் எல்லாரும் "அட, அப்படியா!" என்று வாய் பிளந்தார்கள். இது எட்டாம் வகுப்புப் பாடம். பூமி சரிந்து சுற்றுகிறது என்று எல்லாரும் ஒரே வாங்கில் இருந்துதான் படித்தோம். சரி, மறந்திருக்கும். நானும் வாய் பிளந்தேன். மரியாதைக்கு.

மறுகா என் முறை. "இங்கே போன கிழமைதான் முதல் மழை..." அவ்வளவுதான் சொன்னேன். "மட்டக்களப்புக்கு ரெண்டே காலந்தானே, ஒண்டு வெயில், மற்றது வெள்ளம்!" சிரிப்பு. "சரி, அடுத்தது ஒன்றுகூடல் செலவு."

எங்களுக்கும் இப்போது ஒரு காலம் நடக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இலை சிவக்கவில்லை என்பதற்காக இங்கே எதுவும் நடக்கவில்லை என்று இல்லை.

"பன்னிரண்டு மாதமும் வேர்க்கிற ஊரில் என்ன காலம்?" என்று உடனே ஒருவர் கேட்பார். கேளுங்கள். வெப்பமானியை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. தைக்கும் ஆனிக்கும் சராசரியில் நாலைந்து பாகைதான் வித்தியாசம். பகல் நீளமும் அப்படித்தான், வருசத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம்கூட வராது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலத்தை வெப்பமானியால்தான் அளக்க வேண்டும் என்று யார் சொன்னது? நாங்கள் காற்றாலும் தண்ணீராலும் அளக்கிறோம்.

காற்றைப் பற்றித்தான் அன்றைக்கு வயிறு எரிந்தது. சுவிஸ்காரி பத்து நிமிடம் 'ஃபோன்' (Foehn) என்கிற காற்றைப் பற்றிச் சொன்னாள். அல்ப்ஸ் மலையின் ஒரு பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு மறுபக்கம் காய்ந்து சூடாகி இறங்குகிற காற்று. அது வீசினால் தலையிடிக்குமாம். எவ்வளவு ஆர்வமாகக் கேட்டார்கள்! அடி பெட்டை, அது எங்கள் கச்சான் காற்றின் சொந்தக்காரன்தானே! தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் கண்டி, நுவரெலியாப் பக்கமெல்லாம் ஈரத்தை இறக்கிவிட்டு, மலை தாண்டி எங்கள் பக்கம் வெறுங்கையோடு, அனலோடு இறங்குகிறது. ஆனி, ஆடியில் கடற்காற்றையே உள்ளே வரவிடாமல் தள்ளிக்கொண்டு நிற்கும். பட்டினத்தில் வெப்பம் 38 பாகையை நெருங்கும். அமெரிக்க வானிலையியல் சங்கத்தின் கலைச்சொல் அகராதியில் 'கச்சான்' என்ற நம்முடைய சொல்லே, மட்டக்களப்பின் பெயரோடு, ஃபோன் வகைக் காற்று என்று பதிவாகி இருக்கிறது. உலகத்துக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வகுப்புக்குத்தான் கச்சான் என்றால் சுருளில் கட்டித் தருகிற வறுத்த கச்சான், அந்த நிலக்கடலை மட்டும்.

அந்தக் கச்சான் ஓய்ந்து, காற்று எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தடுமாறுகிற மாதங்கள்தான் இவை. வானிலை அறிக்கையில் ஒக்டோபரையும் நவம்பரையும் இரண்டாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம் என்பார்கள். "பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று வானொலியில் வருமே, அந்தக் காலம். காலையில் உச்சி வெயில் போல எரிக்கும், பின்னேரம் கறுக்கும், கொடியில் உடுப்புப் போட்டவள் ஓடுவாள். முதல் மழைக்கு மண் மணக்கும், அன்றிரவே ஈசல் விளக்கை மொய்க்கும். வாவித் தண்ணீரின் நிறம் மாறும். உப்புக் குறையும். ஆறு மாதம் பாய் விரித்தது போலக் கிடந்த கடல் முறுகத் தொடங்கும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் புழுதி உழுதுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் விதைநெல்லை எடுப்பார்கள். என் தம்பி வெல்லாவெளிப் பக்கம் ஐந்து ஏக்கர் மானாவாரி செய்கிறான். மழை முந்தினாலும் சிக்கல், பிந்தினாலும் சிக்கல். வாடியில் படுத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு எடுத்து, "அக்கா, அங்கால இடி கேக்குதா?" என்று கேட்பான். இதற்குப் பெயர் காலம் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

இன்னுமொன்று. 'இலையுதிர் காலம்' என்பது பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல். எங்கள் ஆட்கள் வருசத்தை ஆறாகப் பிரித்தபோது ஆவணி, புரட்டாசியைக் கார் என்றார்கள். ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றார்கள். கூதிர் புத்தகத்துக்குள் போய்விட்டது, ஆனால் அதன் பிள்ளை இன்னும் எங்கள் வாயில் இருக்கிறது. "கூதலடிக்குது, யன்னலைச் சாத்து" என்று அம்மா சொல்லாத ஐப்பசி எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? நீங்களும் அந்தக் கூதலில் நடுங்கிக்கொண்டுதானே வகுப்புக்கு வந்தீர்கள்?

"இது ஒரு பகிடி, இதற்கு ஏன் இவ்வளவு நீளம்?" என்று கேட்கிற தம்பிமாருக்கு: பகிடி எனக்கும் விளங்கும். முப்பது வருசம் பத்தாம் வகுப்புப் பொடியன்களுக்குப் புவியியல் படிப்பித்தவளுக்குப் பகிடி விளங்காமல் இருக்குமா? ஆனால் வெள்ளத்தைப் பகிடியாக்க ஒரு தூரம் வேண்டும். 1978 நவம்பர் 23. எனக்கு ஏழு வயது. கூரை போன பிறகு அம்மா எங்களை நெல் மூட்டைகளுக்கு இடையில் இருத்தி, மேலே படங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தா. விடிந்தபோது வளவில் ஒரு தென்னை நிற்கவில்லை. அந்தச் சூறாவளி எந்தக் காலத்தில் வந்தது? நீங்கள் இல்லை என்று சொல்லுகிற இந்தக் காலத்தில்தான். 2011 தை வெள்ளமும், 2024 கார்த்திகை வெள்ளமும் இதே மாரியில்தான். மாரியில் சில நாட்கள் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கிற பாதை, அந்த மிதவைப் படகு, ஓடாது. அக்கரையில் இருக்கிற தம்பி அக்கரையிலேயேதான். அவனுக்கு எடுத்து "ரெண்டே காலந்தானே" என்று சொல்லிப் பாருங்கள்.

லண்டன் தோழிக்கு ஒரு சின்னக் கணக்கு. லண்டனில் வருசம் முழுக்க விழுவது ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். இங்கே கார்த்திகையும் மார்கழியும் சேர்ந்தே அதைவிடக் கூடக் கொட்டிவிடுகிற வருசங்கள் உண்டு. அதற்காக உங்கள் தூறலை நாங்கள் நக்கல் செய்தோமா? "ஐயோ பாவம், குடை கொண்டு போகேல்லையா" என்றுதானே கேட்டோம்?

அடுத்து வரும், தெரியும்: "பொறாமை." சிவப்பு இலையில் எனக்கு என்ன பொறாமை? அந்தச் சிவப்பு ஏன் வருகிறது என்று அங்கே இருந்த பதினெட்டுப் பேரில் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்தி. பொழுது குறுகக் குறுகப் பச்சையம் அழிகிறது, அதற்குள் மறைந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. சிவப்பு மட்டும் மரம் அந்த நேரத்தில் புதிதாக உண்டாக்குவது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்தால் இன்னும் பிடிக்கும். சொல்ல விட்டார்களா? எங்கள் வளவு மூலையிலும் ஒரு வாதுமை மரம் நிற்கிறது. கோடையில் இலை சிவந்து சிவந்து விழும், நான் கூட்டிக் குவித்துக் கொளுத்துவேன். அதைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பியதில்லை.

"அவர்களுக்கும் அங்கே இருட்டு, தனிமை, இரட்டை வேலை, கதைக்க ஒரு இலையாவது இருக்கட்டுமே" என்று என் மனுசன் சொல்லுகிறார். அவருக்கு எல்லாரும் பாவம்தான். "ஊருக்குக் காசு அனுப்புகிறார்கள், அவர்களோடு ஏன் கொழுவுகிறாய்" என்று இன்னொருவர் உட்பெட்டியில். ஓம், அனுப்புகிறார்கள். வெள்ளம் வந்தால் முதலில் அனுப்புகிறவர்களும் அவர்கள்தான், நன்றி மறக்கவில்லை. ஆனால் வெள்ளம் வந்தால்தான் எங்கள் வானம் ஞாபகம் வருமா? நிவாரணப் பொதிக்குப் பக்கத்தில் நிற்கிற படத்தில் மட்டும்தான் எங்களுக்கு மழை பெய்ய வேண்டுமா? சும்மா ஒரு நாள், ஒருவரும் சாகாத ஒரு நாள், "இப்ப அங்க எப்படி?" என்று கேட்கக் கூடாதா?

ஒருத்தி கேட்டிருக்கிறாள். அதுதான் கிடந்து அரிக்கிறது.

1990இல் அவள் போனாள். எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீடு. அடுத்த வருசம் கார்த்திகையில் அவளிடமிருந்து ஒரு கடிதம், உள்ளே மடித்த தாளில் மேப்பிள் இலை ஒன்று. வந்து சேர்வதற்குள் காம்பு உடைந்து, ஓரம் நொறுங்கிப் போயிருந்தது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மரம் செத்துப்போச்சா மனே?" என்று கேட்டா. பிறகு தேவாரப் புத்தகத்துக்குள் வைத்தா. இன்னும் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் கறை பிடித்துவிட்டது. அந்தக் கடிதத்தில் இலையைப் பற்றி இரண்டு வரிதான். மிச்சமெல்லாம் கேள்வி. மழை தொடங்கிற்றா? ஆற்றுவாய் வெட்டி வாவித் தண்ணியைக் கடலுக்கு விட்டாச்சா? எங்கள் கிணறு எந்தப் படி மட்டும் வந்திட்டு? ஒழுங்கையில் தண்ணி நிக்குதா, நீ செருப்பைக் கையில் பிடிச்சுக்கொண்டு போறியா? நான் நாலு பக்கம் பதில் எழுதினேன். கிணற்றுப் படியை எண்ணி எழுதினேன். ஐந்தாறு வருசம் இப்படித்தான் போனது, ஒவ்வொரு மாரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகிடியைச் சொன்னது அவள் இல்லை. சொன்னவரை எனக்கு ஒரு பொருட்டும் இல்லை. ஆனால் திரையில் பதினெட்டுச் சின்னப் பெட்டிகள், அதில் தலையைப் பின்னால் எறிந்து சிரித்த பெட்டி அவளுடையது. துண்டைப் பார்த்தவர்கள் இன்னொரு தரம் பாருங்கள், மேல் வரிசை, இடமிருந்து இரண்டாவது. பின்னால் யன்னலில் மரம் தெரியும். சிவப்பாகத்தான் இருக்கிறது. வடிவாகத்தான் இருக்கிறது.

நேற்று அவளிடமிருந்து ஒரு செய்தி. மூன்று சிரிப்புப் பொம்மை, கீழே "கோவமா?" பதில் போடவில்லை. இப்போது இங்கே பின்னேரம் மூன்று மணி, அவளுக்கு விடிய ஐந்தரை. வேலைக்கு எழும்பியிருப்பாள். அங்கே குளிர் எத்தனை பாகை என்று கேட்க விரல் போய்விட்டு வந்தது. ஒண்ணா. இந்த முறை முதலில் அவள் கேட்கட்டும்.

வடக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. உடுப்பெல்லாம் கொடியில்.