சாவி கொடுக்கும் வரை இது எங்கள் வீடு

காலி செய்யப்போகிறோம் என்று சொன்ன மறுநாளே கேட்டில் டூலெட் பலகை மாட்டியதில் எனக்கு வருத்தமில்லை; ஒரு மாத வாடகைகூட நின்றுவிடக் கூடாது என்ற ஹவுஸ் ஓனரின் கவலை நியாயமானதுதான். ஆனால் பலகை ஏறிய நிமிடத்திலிருந்து இது எங்கள் வீடே இல்லை என்று அவரும் புரோக்கரும் முடிவு செய்துகொண்டு நடப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மாமியார் குளித்துக்கொண்டிருந்தாலும், மகள் மறுநாள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாலும், இரவு ஒன்பது மணியே ஆனாலும், "பார்ட்டி கீழேதான் நிற்கிறார்கள், ரெண்டே நிமிஷம்" என்று புரோக்கர் போன் செய்கிறார். நான் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடிக்கிறது.

வருகிறவர்கள் செருப்புக் காலோடு சமையலறை வரை போகிறார்கள், எங்கள் துணி அடுக்கியிருக்கும் அலமாரியைத் திறந்து ஆழம் பார்க்கிறார்கள், ஊரில் இருக்கும் தம்பிக்குக் காட்ட வேண்டும் என்று வீடியோ எடுக்கிறார்கள். அந்த வீடியோவில் எங்கள் பீரோவும், கொடியில் காயும் துணியும், மேசையில் குனிந்து எழுதும் என் மகளும் பதிவாகி, யார் யாருடைய வாட்ஸ்அப்பில் கிடக்கின்றனவோ என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், உரிமையாளர் வீட்டுக்குள் வருவதற்கு 24 மணி நேரம் முன்பே காரணத்தையும் நேரத்தையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், அந்த நேரம் காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உரிமையாளருக்கே இந்த வரம்பு என்றால், முன்பின் தெரியாதவர்களை அழைத்து வரும் புரோக்கருக்கு எந்த வரம்பும் இல்லையா? இதைக் கேட்க எனக்கு வாய் வராமல் இருப்பதற்குக் காரணம் அட்வான்ஸ். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதே சட்டம் சொன்னாலும், எங்களிடம் வாங்கியது 6 மாத வாடகை. முகம் சுளித்தால் பெயிண்டிங், ஆணி அடித்த ஓட்டை, குழாய் ரிப்பேர் என்று அதில் எவ்வளவு பிடிப்பாரோ என்ற பயத்தில்தான் ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்கிறேன். குடிவருபவரிடம் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கப்போவது புரோக்கர். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கதவைத் திறக்க வேண்டியது மட்டும் நானா?

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் 12 மணி வரை எத்தனை பேரை வேண்டுமானாலும் அழைத்து வாருங்கள், வீட்டை ஒழுங்குபடுத்தி நானே காட்டுகிறேன் என்று ஓனரிடம் கேட்டுப் பார்த்தேன். "என் வீட்டைக் காட்ட நான் எதற்கம்மா நேரம் கேட்க வேண்டும்?" என்றார், அதே வீட்டுக்கு இந்த மாத வாடகையை 5ஆம் தேதியே முழுதாக வாங்கிக்கொண்டவர்.